நான் ஏறினால் நின்றுவிடும் வண்டி

இறைவன் ஒருவனைத் தவிர மற்ற அனைவரையும் ஐயத்தோடு நோக்குவது என் இயல்பு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதிய கணக்கில் பிழை தேடியே ஊதியம் பெற்றவனுக்கு இயல்பு வேறு எப்படி அமையும்? விடியற்காலையில் பூசையறையில் கண்ணீர் மல்கப் பதிகம் பாடுவேன். பாடி முடித்த ஈரம் கண்ணில் காயுமுன்பே, பால்காரர் ஊற்றிய பாலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். (இரண்டிலும் எனக்கு ஒரே அளவு ஈடுபாடு என்பாள் என் மனைவி சிவகாமி.)

இப்படிப்பட்ட என்னைச் சில ஆண்டுகளுக்கு முன் மருமகன் குமரேசன், தாம் புதிதாகப் பார்த்திருந்த வண்டியின் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

குமரேசனும் என் மகள் மீனாளும் செம்பூரில் கேட்டரிங் நடத்துகிறார்கள். மகள் சமைப்பாள், மருமகன் அண்டாக்களை வண்டியில் ஏற்றி விசேஷ வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்பார். அவருக்கு இடது முழங்காலில் அறுவை நடந்தது. இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தனியே ஓட்டுநர் வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தொழில் வளரவில்லை. கியர் தானாக மாறும் பிக்அப் ஒன்று கிடைத்தால் அடுப்பு எரியும், இல்லையேல் கடையை மூடிவிட்டு எங்கேனும் வேலை தேட வேண்டும் என்ற நிலை.

கோவண்டியில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய், பின்னிருக்கையும் உள்ள அத்தகைய வண்டியொன்றைக் காட்டினார். தென்காசிப் பக்கத்துக்காரர். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிச்சா வச்சுக்கிடுங்க, பிடிக்கலன்னா கொண்டாந்து விட்டுருங்க" என்றார். மருமகன் நெகிழ்ந்துபோனார். எனக்கோ அந்தத் தாராளமே உறுத்தியது. நல்ல வண்டியை எவன் ஒரு வாரம் சும்மா கொடுப்பான்?

மறுநாளே என் ஐயம் பலித்தது. கிங்ஸ் சர்க்கிளில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு செம்பூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நான் வழக்கம்போல் மெல்லப் பதிகம் பாடிக்கொண்டிருந்தேன். சயானில், நெரிசல் சற்றே விலகிய வேளையில், இன்ஜின் திடீரென்று பேரொலி எழுப்பியது. வண்டியோ வேகம் இழந்து, தவழ்ந்து, நின்றே விட்டது.

"என்ன மாப்பிள்ளை?"

"தெரியலையே மாமா. இன்ஜின் ரேஸ் ஆவுது, வண்டி இழுக்க மாட்டேங்குது."

பின்னால் ஹாரன்கள் அலறின. 'ஏதாச்சும் கோளாறுன்னா குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்காதீய. பிரேக்க மிதிச்சு, லிவர ஒரேயடியா முன்னால தள்ளி பார்க்கிங்ல போட்டு ஆஃப் பண்ணிருங்க' என்று காதர் பாய் முன்பே சொல்லியிருந்தார். மருமகன் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் அவ்வாறே செய்தார். மீண்டும் சாவியைத் திருப்பினார். வண்டி ஒன்றுமறியாததுபோல் புறப்பட்டது.

இரண்டு நாள் கழித்துச் செம்பூர் மேம்பாலத்தில் அதே கதை. இடையில் மருமகன் தனியாக மார்க்கெட்டுக்குப் போய்வந்தபோது ஒரு தொல்லையும் இல்லை. இதிலிருந்து ஓர் உண்மை புலப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் புலப்பட்டது வேறு: இது வஞ்சகமான கோளாறு, விவரம் தெரிந்த சாட்சி உடனிருக்கும்போதுதான் வெளிப்படுகிறது.

வண்டியைக் கோவண்டிக்கு ஓட்டிச் சென்றோம். காதர் பாய் கியர்பாக்ஸ் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டு முகர்ந்தார். நல்ல சிவப்பாக இருந்தது, கருகல் வாடை இல்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். அதுவும் குறை சொல்லவில்லை. மருமகனை ஏற்றிக்கொண்டு மான்குர்து வரை போய்த் திரும்பினார். ஒன்றும் நேரவில்லை. நானும் வருவேன் என்று முன்னிருக்கையில் ஏறினேன். பாட்டு ஏது? கைகளை இறுகக் கட்டிக்கொண்டு, வழி முழுவதும் அவருடைய கால்விரல் அசைவைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பாத்தீயளா பெரியவரே? மக்கன் மாதிரி, வெண்ணெயா வழுக்கிக்கிட்டு போவுது."

"நீங்க ஓட்டினா போவுது. அதான் என் சந்தேகம். எதையோ அடக்கி வச்சிருக்கீங்க."

"அடக்கி வைக்க அதென்ன பூதமா? கியர்பாக்ஸுங்க."

வீடு திரும்பியதும் என் முடிவை மகளிடம் விளக்கினேன். காதர் பாய் வண்டிக்குள் ஏதோ விசை பொருத்தியிருக்கிறார். நினைத்தபோது நிறுத்துகிறார், நினைத்தபோது ஓடவிடுகிறார்.

"அதுல அவருக்கு என்னப்பா லாபம்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்" என்றேன். (இந்த வாக்கியத்தை மீனாள் இன்றும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறாள்.)

வாரத்தின் கடைசி நாள், நெருளில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குச் சாப்பாடு. மீனாள் முன்னதாகவே ரயிலில் போய்விட்டாள். அண்டாக்களை ஏற்றிக்கொண்டிருந்த மருமகனுக்குத் தெரியாமல் நான் காதர் பாயை ஃபோனில் அழைத்தேன். தெரிந்தே பழுதை மறைத்தவர் என்று சொல்லி, மாலையில் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"சரி பெரியவரே. வேற ஒரு பார்ட்டி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காரு. சாயந்தரம் வரச் சொல்லிருதேன்."

வண்டி புறப்பட்டபின் மருமகனிடம் இதை ஒரு நற்செய்திபோல் தெரிவித்தேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அப்ப இதுதான் கடைசி ஆர்டர் மாமா" என்றார். பின்னிருக்கையில் பாயசத் தூக்கைக் கால்களுக்கிடையே இடுக்கிப் பிடித்திருந்த சிவகாமி அதன் மூடியை ஒருமுறை அழுத்தி மூடினாள்.

அவர் மனம் ஆறட்டும் என்று பதிகம் ஒன்றைத் தொடங்கினேன். வாஷிப் பாலத்தில் ஏறினோம். கீழே கழிமுகம் வெயிலில் மின்னியது. உள்ளம் உருகி உச்சத்தைத் தொட்டேன். இன்ஜின் அலறியது. வண்டி தளர்ந்தது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, நான் சொன்னேன்ல" என்றேன். அந்தக் குரலில் இருந்த வெற்றிக் களிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மருமகனின் கை லிவரை நோக்கிப் போயிற்று. "மாப்பிள்ளை, அதைத் தொடாதீங்க" என்றாள் சிவகாமி. "முதல்ல அது எங்க நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தார். "நியூட்ரல்ல இருக்கு அத்தை. நான் தள்ளலையே."

"நீங்க எங்க தள்ளினீங்க? கல்யாணமான நாள்லேருந்து என் காபி டம்ளரைத் தட்டிவிடுற கை அது. பக்கத்துலதான் இருக்கு, பாருங்க."

மூவரும் பார்த்தோம். என் வலக்கை இன்னும் லிவரின் தலைமேல்தான் இருந்தது. பாடும்போது நான் போடும் தாளத்தில் தட்டு என் தொடைமேல் விழுகிறது; வீச்சில் கை புரண்டு வெளியே விரிகிறது. பாட்டு உச்சத்துக்கு ஏற ஏற வீச்சும் விரியும். அது போய் முட்டி முன்னே தள்ளிய இடத்தில்தான் வண்டியின் உயிர்நிலை இருந்தது. ஒவ்வொரு முறையும் மருமகன் பாராமலே பார்க்கிங்குக்குத் தள்ளியதில் தடயமும் அழிந்துபோயிருந்தது.

நெருளில் விருந்து சிறப்பாக நடந்ததாம். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. சிவகாமி சொல்லி எல்லாம் அறிந்த மீனாள், ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை என் முன் வைத்தாள். நடந்ததைக் காதர் பாயிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"பெரியவரே, என்ன பாட்டு அது?"

"பதிகம்."

"காலையில கோளாற மறைச்சேன்னீய. இப்ப கோளாறே இல்லங்கீய. நான் எத நம்பட்டும்? இங்க பார்ட்டி வந்து உக்காந்திருக்காரு. அவருகிட்ட என்னன்னு சொல்லட்டும், பாட்டுன்னா? வாங்க. என் கண்ணால பாத்தா வண்டி உங்களுக்கு. இல்லன்னா அவருக்கு."

பட்டறையில் அந்தப் பார்ட்டி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்கு பழக்கமானது. பணிக்காலம் முழுவதும் நான் பிறரைப் பார்த்தது அப்படித்தான். காதர் பாய் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில், பின்னால் சிவகாமியும் மருமகனும் அந்தப் பார்ட்டியும். வண்டி சந்துக்குள் மெல்ல ஊர்ந்தது. பாடினேன். இத்தனை கண்கள் மொய்க்கையில் கை தொடைமேலேயே ஒட்டிக்கொண்டது.

"கை ஆடவே இல்லியே பெரியவரே."

அடுத்த வீச்சில் வேண்டுமென்றே லிவரை இடித்தேன்.

"இது தாளம் இல்ல, தள்ளுதீய. இத ஒத்துக்கிட மாட்டேன்."

பார்ட்டி பின்னாலிருந்து, "சலோ பாய், டைம் மத் கராப் கரோ" என்று, நேரத்தை வீணாக்க வேண்டாமென இந்தியில் அவசரப்படுத்தினார். கண்ணாடியில் மருமகனின் முகம் தெரிந்தது. இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். இந்தச் சந்தில் நான் பாடியது எதுவும் பாட்டே அல்ல என்று அப்போது உறைத்தது. உதடு இறைவனைப் பாட, கண் காதர் பாயைத் தணிக்கை செய்துகொண்டிருந்தது. கண்ணை மூடினேன். இந்தப் பிள்ளையின் அடுப்பை அணைத்துவிடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டு, முதலடியிலிருந்து தொடங்கினேன். சந்து மறைந்தது. பட்டறை மறைந்தது. எத்தனை பாட்டுப் பாடினேனோ தெரியாது.

இன்ஜின் அலறிய ஓசையில் கண் திறந்தேன். லிவர் நியூட்ரலில் நின்றது. அதன்மேல், அருள் வேண்டி விரிந்தபடியே, என் கை.

காதர் பாய் இன்ஜினை அணைத்தார். பின்னால் திரும்பினார்.

"மாப்ளே, வண்டி உங்களுக்குத்தான். ஆனா ஒரு கண்டிஷன். பெரியவரு இனிமே பின்னால."

இன்றும் நான் பின்னால்தான். முன்னிருக்கை சிவகாமியுடையது, அதை அவள் சிம்மாசனமாகவே பாவிக்கிறாள். நான் வீட்டில் எதற்காவது கத்தித் தீர்த்து, அதனால் எதுவும் அசையாதபோது, "அப்பா நியூட்ரலுக்குப் போயிட்டாங்க" என்கிறாள் மீனாள்.

காதர் பாயும் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். எவ்வளவு தேடியும் பிடிபடாத கோளாறோடு யாராவது வந்தால், எண்ணெயைத் தொடுமுன் அவர் கேட்கும் முதல் கேள்வி: "முன்சீட்டுல யாரு உக்காருதா? பாடுவாரா?" நான் பட்டறைக்குப் போயிருக்கும் நாட்களில் இதைச் சற்று உரக்கக் கேட்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று எனக்கு ஓர் ஐயம். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.