என் சாவுக்கு வந்த கூட்டம்

அன்புள்ள டெசாங்கா அக்காவுக்கு, தம்பி தீஹோமிர் உயிரோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் வீட்டுக்காரி ரூஜாவும் சுகம். வியன்னாவில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீ அனுப்பிய மலர்வளையம் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு நீ அனுப்பிய பெரிய சாமான் அதுதான், ஆனாலும் குறை சொல்லவில்லை.

நடந்தது இதுதான். என் மகள், உன் மருமகள் நெடா எடுத்த இருபது நிமிடப் படம் நம்மூர்ப் படவிழாவுக்குத் தேர்வாகியிருந்தது. ஊரை விட்டுப் போகிற கிழவன் கதை. கிழவன் நான்தான். படத்தின் பெயர் 'தீஹோமிர் போகிறார்'. போன வருஷம் உள்ளூர்ப் படத்துக்கு வந்தது நான்கு பேர், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இந்தத் தடவையும் அரங்கம் காலியாக இருந்தால் காமிராவைத் தூக்கிப் போட்டுவிட்டு, உன் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்கு வந்துவிடுவதாக அவள் முடிவு கட்டியிருந்தாள். போனில் அவள் குரலைக் கேட்டாலே எனக்கு மனசு கெட்டுப்போகும்.

போஸ்டரை பெல்கிரேடிலிருந்து அனுப்பினாள். நான் அச்சகத்து மிலூனிடம் கொடுத்தேன். அவன் தினமும் அடிப்பது சாவு நோட்டீஸ். பழக்க தோஷம், என் முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு, கீழே 'சனிக்கிழமை பதினோரு மணி, கலாச்சார மண்டபம்' என்று அடித்துத் தள்ளிவிட்டான். வழக்கம்போல மரத்திலும் கம்பத்திலும் ஒட்டியாயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா.

சனிக்கிழமை காலை மண்டப வாசலில் ஊரே கறுப்பு உடுத்தி, சாவுக்குப் படைக்கிற, சர்க்கரை போட்ட அவித்த கோதுமையோடு நிற்கிறது. பாதிரியார்கூட வந்துவிட்டார். வாசலில் நின்று வரவேற்ற என்னைப் பார்த்துத் தபால்கார போஷ்கோ முகம் சுளித்தான்.

"ஏம்ப்பா, நீ செத்துட்டேன்னு சொல்லி லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இப்ப ஆபீஸ்ல நான் என்ன சொல்றது?"

"உள்ள போய் உக்காரு. கடைசில போயிடறேன்" என்றேன்.

எதிர்வீட்டு ஸ்தானா ஆறு பூ கொண்டுவந்திருந்தாள். ஒன்றை உருவித் தன் கோட்டில் செருகிக்கொண்டு, "இந்தா, அஞ்சு. செத்தவனுக்குத்தான் ரெட்டப்படை. உசுரோட நிக்கிறவனுக்கு ஒத்தப்படைதானே குடுக்கணும்" என்று மிச்சத்தை நீட்டினாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய நெடா, கம்பத்துக்குக் கம்பம் அப்பன் முகத்தைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "மிலூன் மாமாவ நான் சும்மா விடமாட்டேன்ப்பா" என்று பல்லைக் கடித்தாள். உள்ளே முந்நூறு பேரைப் பார்த்ததும் மிலூனை மறந்துவிட்டுத் தலைகளை எண்ண ஆரம்பித்தாள். வந்தது வந்தாயிற்று, கோதுமையும் வீணாகக் கூடாது என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அழத் தயாராக வந்த கூட்டம் அல்லவா, நான் திரையில் வீட்டைப் பூட்டும்போதே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டது. பார்வையாளர் பரிசு நெடாவுக்குத்தான். ஆகவே அந்த மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

ஆண்டவன் உன் முட்டிவலியைக் குறைத்து, அத்தானின் குறட்டையையும் கொஞ்சம் குறைக்கட்டும்.

இப்படிக்கு,
சாகாத தம்பி தீஹோமிர்

பி.கு.: மிலூனைப் போனில் வறுத்து எடுத்தாயாமே, பாவம், விட்டுவிடு. நெடா அனுப்பிய போஸ்டர் கலரில் அழகாகத்தான் இருந்தது. கறுப்புக் கட்டம் போடச் சொன்னவன் நான். நம்மூர்க்காரன் படத்துக்கு வரமாட்டான், சாவுக்கு வராமல் இருக்கமாட்டான். நிறைந்த அரங்கத்தை என் பிள்ளை ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்றுதான் செத்தேன். அவளிடம் மூச்சு விடாதே.