தொண்ணூற்றெட்டு றாத்தல் மருந்தையா

தன் உடம்பையே படிக்கல்லாக வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தையா. மறுக்கிறவர்கள் முதலில் ஒரு வருஷம் கல்யாணச் சாப்பாடு இல்லாமல் இருந்து காட்டட்டும், பிறகு பேசலாம்.

யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து மருந்தறையில் மருந்து கலந்து கொடுப்பது வேலை. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஐம்பதுகளில் அரசாங்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு புதிய வைத்தியத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. வைத்தியச் செலவு முழுக்க அரசாங்கத்துடையது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் தினமும் பால். வருஷ முடிவில் குழந்தைகளின் எடை கூடியிருந்தால் திட்டம் நிலைக்கும். கூடாவிட்டால் பாலும் போச்சு, மருந்தும் போச்சு. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பழையபடி எட்டு மைல் மலை இறங்க வேண்டியதுதான்.

எடை பார்க்கத் தராசு? பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தொங்கிய கொழுந்துத் தராசுதான். ஒவ்வொரு குழந்தையையும் கம்பளியில் முடிந்து கொக்கியில் மாட்டி, முதல் நிறுவையை மருந்தையாவே பார்த்து எழுதினார். திடீரென்று அவருக்குத் தராசின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கி, வௌவால் மாதிரித் தொங்கினார். தொண்ணூற்றெட்டு றாத்தல்!

அன்றிலிருந்து மாதம் ஒரு தரம் தொங்கினார். தொண்ணூற்றெட்டு காட்டினால் தராசு யோக்கியம். ஆனால் அதற்கு அவர் எடை மாறக்கூடாதே! காலையில் இரண்டு ரொட்டி, மாலையில் இரண்டு ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல். வேறு எதையும் தொடமாட்டார். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோன கங்காணியை வாசலோடு திருப்பினார்.

"ஒரு முறுக்காச்சும் எடுங்கையா, நல்ல நாளும் அதுவுமா!"

"நான் படிக்கல், கங்காணி. படிக்கல் முறுக்குத் தின்னலாமோ?"

வருஷம் முடிந்தது. அடைமழையில் கொழும்பு அதிகாரி வந்து சேர்ந்தார். மருந்தையா அவர் பக்கத்தில் நின்று பழைய எடையை வாசிக்க வேண்டும். தராசைப் பார்த்துப் புதிய எடையைக் கூவ வேண்டியது நான். அப்போது நான் சின்னக் கணக்கப்பிள்ளை, தினமும் கொழுந்து நிறுத்துக் கூவுகிறவன். இது ஒரு வேலையா எனக்கு?

"முதல் பிள்ளை, போன வருஷம் பதினெட்டு," என்றார் மருந்தையா.

"பதினெட்டு!" என்று கூவினேன்.

"அடுத்தது பத்தொன்பது."

"பத்தொன்பது!"

கடைசிக் குழந்தை வரைக்கும் இதே கதைதான். அதிகாரி பேனாவை மூடினார்.

"பலன் இல்லை. திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டியதுதான்."

தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்கள். மருந்தையா விடுகிறவரா? "பொறுங்கோ!" என்று ஓடிவந்து கொக்கியில் தொங்கினார். "என்னை நிறும்!"

"தொண்ணூத்தஞ்சு!"

"ஒரு வருஷமாப் பத்தியம் கிடந்தவன் நான். மூண்டு றாத்தல் எங்க ஐசே போனது?"

பதினெட்டு றாத்தல் பிள்ளையின் தாய் ராக்காயிதான் பதில் சொன்னாள்.

"தெனம் எங்க கொழுந்துல போற மூணு றாத்தல்தாங்க ஐயா! சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒண்ணு. ஏங்க கணக்கப்புள்ள, பச்சப்புள்ளையிலயுமா கழிப்பீங்க?"

சத்தியமாக எனக்கே தெரியாது. கழித்துக் கழித்துப் பழகிய வாய், தானாகவே கழித்திருக்கிறது. மருந்தையா தொங்கியபடியே உத்தரவு போட்டார்.

"முதல்ல இருந்து நிறும்! முள்ளுக் காட்டுறதைச் சொல்லும். உம்மட கணக்கைச் சொல்லாதையும்!"

மறுபடி நிறுத்தோம். ராக்காயியின் பிள்ளை இருபத்தொன்று. பத்தொன்பது இருபத்திரண்டானது. அதிகாரி பேனாவைத் திறந்தார். திட்டம் பிழைத்தது.

மறுநாள் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றபோது, அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கழிவு என்பது தோட்டத்துச் சட்டம், என்னால் நிறுத்த முடியவில்லை. வெட்கப்பட மட்டும் முடிந்தது.

அடுத்த மாரியம்மன் திருவிழாவில் ராக்காயி சர்க்கரைப் பொங்கலை அள்ளி அள்ளி வைத்தாள். மருந்தையா ஒரு வருஷப் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். பிறகு ஏப்பம் விட்டுக்கொண்டே நேரே மடுவத்துக்கு வந்து தொங்கினார்.

"எவ்வளவு ஐசே?"

"நூத்தியொண்ணுங்க."

"கழிச்சனீரோ?"

"இல்லீங்க ஐயா."

கழிக்கவில்லைதான். ஆனால் முள் நூறில் நின்றது. தராசடியில் நின்ற அத்தனை வருஷத்தில் நான் கூட்டிச் சொன்னது அந்த ஒரு றாத்தல்தான்.