உப்புச் சுரங்கத்தில் உப்பில்லாத சூப்

எங்கள் ஊர் உப்புச் சுரங்கத்தின் வரலாறு மகத்தானது. அரசர் காலத்தில் அந்த உப்பை விற்றுத்தான் அரண்மனைக்கே கூரை போட்டார்கள். எங்கள் முன்னோர் உள்ளே உப்பை வெட்டினார்கள். ஓய்ந்த நேரத்தில் சுரங்கத் தொழிலாளரைக் காக்கும் புனித பார்பராவை உப்பிலேயே செதுக்கினார்கள். சாப்பாட்டு வேளையில் சுவரைக் கத்தியால் சுரண்டிச் சூப்பில் போட்டுக்கொண்டார்கள். பிறகு வெட்டுவது நின்றது. அரசாங்கம் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்து, லிஃப்ட் வைத்து, டிக்கெட் போட்டது. நான் வழிகாட்டி ஆனேன். போகுமிலா அக்கா சுரங்கத்துக்குள் இருக்கும் உணவகத்தில் சமையல்காரி ஆனாள்.

அக்கா பழக்கதோஷத்தில் ஒருநாள் சுவரைச் சுரண்டினாள். புது இயக்குநர் ஸ்கோவ்ரோன் பார்த்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க! இது கோடி வருஷத்துப் பாரம்பரியம்!"

"முட்டைக்கோஸ் சூப்புக்கு உப்பு சார்."

"சுரண்டக் கூடாது."

"சரி, கடையில வாங்கிட்டு வரேன்."

"ஐயையோ! வெளி உப்பு உள்ளே வந்தா சுரங்கத்தோட தூய்மை என்ன ஆகறது?"

"அப்ப சூப்புல எதைப் போடறது, என் தலையையா?"

இயக்குநர் ஆழ்ந்து யோசித்து, மேற்படி சூப் உப்பின்றியே பரிமாறப்படும் என்று ஆணையிட்டார். புகார்கள் குவிந்தன. வாயில் வைக்க முடியவில்லையாம். "ருசி வரலேன்னா வெள்ளிக்கிழமையோட உங்களுக்கு வேலை இல்ல" என்றார் அதே இயக்குநர்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சார், சுவரை நக்கலாமா?"

"தாராளமா. அது பார்வையாளர் அனுபவம்."

அவ்வளவுதான். மேசைகளையெல்லாம் சுவரோரம் இழுத்துப் போட்டாள். ஒரு வாய் சூப், ஒரு நக்கு. தலைநகர் வார்சாவிலிருந்து நாகரிகக் கூட்டம் வந்து வரிசையில் நின்றது. "சூப்புன்னா இதுதான்யா சூப்பு!" என்று சப்புக்கொட்டினார்கள். அக்காவின் வேலை தப்பியது. அதற்குக் கிடைத்த சுற்றுலா விருது இயக்குநருக்குப் போனது.

கோடி வருஷம் நின்ற சுவர் இரண்டு கோடைக்குத் தாங்கவில்லை. பார்பராவின் மூக்கும் போயே போச்சு. கமிட்டி கூடியது. சுவருக்குச் சிமென்ட் பூசி, தினமும் காலையில் கடை உப்பைக் கரைத்து அதன்மேல் தடவுவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"வெளி உப்பு ஆகாதுன்னீங்களே சார்?" என்றாள் அக்கா.

"அது சூப்புக்கும்மா. இது பாரம்பரியப் பாதுகாப்பு."

தடவும் பொறுப்பும் அக்காவுக்கே வந்தது. பதவியின் பெயர் பாரம்பரிய மீட்பு அலுவலர். நான் கூட்டத்தைக் கூட்டிப்போய், "கோடி வருஷத்து உப்பு, நக்கிப் பாருங்கள்" என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, அங்கே உப்பு வெட்டிய பழைய ஆட்கள் வந்தார்கள். சிமென்ட்டை நக்கிவிட்டுக் கண்கலங்கினார்கள். "அப்படியே அந்தக் காலத்து ருசிடா!" என்றார்கள். நானும் நக்கிப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சூப்பில் மட்டும் இன்னும் உப்பில்லை.