உன் அத்தைக்கு ஒரு தீவு

டிராவல்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி ஏழு கடலையும் சுண்டுவிரலால் கலக்கும் மருமகப்பிள்ளைக்கு, உன் அத்தையின் சாம்ராஜ்யத்தில் ஒரே பிரஜையாகிய தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தையும் நலம் என்று எழுதப் போனேன், பேனா மறுத்துவிட்டது.

நீ அனுப்பிய தீவுப் படங்கள் வந்தன. முதல் தீவின் மணல் வெள்ளையில் என் கண் இரண்டும் சலவைக்குப் போய்வந்தன. ஆனால் அங்கே டயாலிசிஸ் மிஷின் கிடையாதாம். ரத்தத்தைக் கழுவும் அந்த மிஷினோடு வாரம் மூன்று முறை படுக்காவிட்டால் உன் அத்தை கதை என்னவென்று உனக்கே தெரியும். இரண்டாவது தீவில் மிஷின் உண்டு, ஆனால் இப்போது அடிக்கிற புயலில் தென்னைமரங்களே அக்கரைக்கு வேலை தேடிப் போகின்றனவாம். மூன்றாவதில் மிஷினும் உண்டு, வெயிலும் உண்டு, மிஷினுக்கு நிற்கும் வரிசையின் வால் நம் வீட்டு வாசலில் முடிகிறது. "அஞ்சு மாசம் பொறுங்க மாமா, சீசன் வந்துரும், கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று நீ எழுதியதை டாக்டரிடம் காட்டினேன். பெரிய பேச்சுக்காரர், தலைவலி என்றாலே உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பிப்பவர். படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சீசனுக்காகக் காத்திருக்காதீங்க" என்றார், அவ்வளவுதான். வெளியே வந்து உன் அத்தையிடம், "கடல்ல இப்ப மீனுக்கே ஜலதோஷமாம், அதான் யோசிக்கிறார்" என்று அளந்துவிட்டேன். அவள் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "பொய் சொல்றப்ப உங்க காது ஆடுது" என்றாள். உலகத்தையே ஏய்த்த உன் மாமன், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் செருப்பைத் தேடுவதுபோல் ரொம்ப நேரம் குனிந்தே நின்றான். ஆகவே புயலென்ன, பூகம்பமென்ன, இரண்டாவது தீவிலேயே மிஷினுக்கு இடம் பிடித்து உடனே டிக்கெட் போடு.

உன் பெண்டாட்டிக்கும் வாண்டுக்கும் ஆசி. எந்த டாக்டரின் பெயரும் தெரியாதவர்களாக நீங்கள் நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
உன் மாமன்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு உன் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கடலுக்குப் போயும் அந்த மிஷின் மூஞ்சியிலயா முழிக்கணும்? சனிக்கிழமை முடிஞ்சதும் நேரா ஏர்போர்ட். அடுத்தது செவ்வாய்க்கிழமைதானே? நடுவுல எனக்கு லீவு." மழை கொட்டுமே என்றேன். "எனக்குக் குடிக்கிற தண்ணியையே அளந்துதானே குடுக்கறீங்க. அளக்காத தண்ணிய ஒரு தடவ பாத்துட்டு வரேன்" என்றாள். முதல் தீவு, வருகிற சனிக்கிழமை. திரும்பி வரும் டிக்கெட்டும் இரண்டு பேருக்கே போடு. அதில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.