நாலு மணி சூப்

"சார், அந்த எலும்பு சூப் எங்களுக்கும் வேணும்."

எதை வேண்டுமானாலும் கேள், மேனேஜரின் சூப்பை மட்டும் கேட்காதே என்று இஸ்திரி போடும் அக்கா முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன சின்னப் பெண் கேட்டேவிட்டாள். வீட்டிலேயே முதல் பட்டதாரி. வாயை அடக்கும் பாடத்தை மட்டும் கல்லூரியில் நடத்தவில்லை.

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் நாற்பது பெண்கள் நாள் முழுக்க நின்றார்கள். உட்கார்ந்திருந்த ஒரே ஆள் மேனேஜர். முழங்கால் பலத்துக்கென்று நாலு மணிக்கு ஆவி பறக்கும் சூப்பும் அவருக்குத்தான்!

"சின்னப் பொண்ணு, உனக்கென்ன முழங்கால் வலி?"

"எனக்கில்ல சார், இஸ்திரி அக்காவுக்கு. மாடிப்படியில உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குறாங்க."

வாயை அடைக்க அரை டம்ளர் நீட்டினார். ஒரே மடக்கு. அமிர்தம்!

"மத்தவங்களுக்கு, சார்?"

"போய் வேலையப் பாரு."

மறுநாள் மதியம், தொழிற்சாலை போடும் கறிக்குழம்புச் சாப்பாட்டின்போது மேசை மேசையாகப் பிரசாரம் செய்தாள். "சத்தெல்லாம் எலும்புலதான் இருக்கு. ஒண்ணையும் விடாதீங்க. கடிங்க, உறிஞ்சுங்க!"

நாற்பது பேரும் மாவு மில் மாதிரி அரைத்தார்கள். "பல்லு போயிடும்மா, எலும்பச் சும்மா வையுங்க" என்று கெஞ்சிய சமையல்காரரை ஒருத்தியும் சட்டை செய்யவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் அறையில் சமையல்காரருக்கு ஒரே வசவு.

"இது சூப்பா, வெந்நீரா? எலும்பையெல்லாம் வீட்டுக்குக் கடத்துறியா? நாளையிலேருந்து வராத!"

அவளுக்கு ரத்தம் கொதித்தது. சமையல்கட்டுக்குள் பாய்ந்தாள்.

"ஏண்ணே, திருட்டுப் பட்டம் கட்டுறாரு, மரம் மாதிரி நின்னுட்டு வர்றீங்க? எலும்பு எந்தக் கடையில வாங்குறீங்க? நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன், சாட்சி சொல்லட்டும்."

சமையல்காரர் கதவைச் சாத்தினார்.

"கடையா? எலும்பு வாங்கணும் சார்னேன். 'இருக்கிறத வெச்சுப் பண்ணு'ன்னாரு. மூணு வருஷமா, நீங்க கடிச்சுப் போட்டுட்டுப் போறதத்தாம்மா கழுவி வேக வைக்கிறேன்."

நேற்றைய அரை டம்ளர் நினைவுக்கு வர, புறங்கையால் வாயை அழுத்தித் துடைத்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது.

துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு மேனேஜர் அறையை நோக்கி வெளியே நடந்தாள். இந்த முறை சூப் கேட்கப் போவதில்லை. வாயைத் திறக்காமலிருக்க விலை: சமையல்கார அண்ணனின் வேலை, நாற்பது நாற்காலி.