மாமியின் கண்ணுக்கு நூற்றியொரு ரூபா ரீலோட்

அனலைதீவு,
03.07.2024

அன்பின் மருமகன் பிரதாபனுக்கு,

நீரும் மருமகள் நிலாந்தினியும் பிள்ளைகளும் நாகபூசணி அம்மாளின் காவலில் கனடாவில் ஒரு குறையுமின்றி இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் இரண்டு வரியை இம்முறை விட்டுவிட்டேன். எழுதினால் பொய்யாகிவிடும். மூன்று கிழமையாக உமது மாமா ஒரு வாய் சோறும் நெஞ்சு இடிக்காமல் விழுங்கவில்லை. போனில் சொல்லாமல் ஏன் இந்த மனுசன் கடுதாசி எழுதுகிறார் என்று யோசிப்பீர். போனில் காசில்லை, அதுதான் விஷயம். விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியும்.

உமது மாமி மீனாம்பிகைக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை என்று முன்னமே எழுதியிருந்தேன். வலது கண் இப்போது இல்லையென்றே சொல்லலாம். இடது கண்ணில் நான் ஒரு நிழலாகத்தான் தெரிகிறேனாம். போன மாதம் மாடு தேடி வந்த ஒருவர் வாசல் படலையடியில் நிற்க, "என்னப்பா வெயிலுக்கை நிக்கிறியள், வந்து சாப்பிடுங்கோ, சோறு ஆறுது" என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவரும் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஊரெல்லாம் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனியும் பிந்தினால் புரை முத்திப்போகும், பிறகு பார்வைக்கு உத்தரவாதம் தர ஏலாது என்று யாழ்ப்பாணத்துக் கண் டொக்ரர் சொல்லிவிட்டார். ஒப்பரேசன் பட்டியலில் பெயர் போட்டாயிற்று. நாள் வரும்போது போனில்தான் சொல்லுவார்களாம். அங்கிருந்த நேர்ஸ் பிள்ளை என் இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, "ஐயா, ரெண்டு மூண்டு தரம் அடிச்சுப் பாப்பம். ஆள் கிடைக்காட்டில் அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவம். பேந்து எங்களோட சண்டைக்கு வரப்படாது" என்றாள். அன்றிலிருந்து எனக்கு என்னுடைய இலக்கமும் மாமியின் கண்ணும் ஒன்றுதான்.

இப்படியிருக்க, போன மாதம் பன்னிரண்டாம் திகதி காலை அந்தச் செய்தி வந்தது. குசினி யன்னலில்தான் எங்கள் வீட்டில் சிக்னல் இருக்கிறது, அதனால் போனும் அங்கேதான் இருக்கும். எடுத்துப் பார்த்தால், "அன்பார்ந்த வாடிக்கையாளரே, எதிர்வரும் ஜூலை பதினைந்தாம் திகதிக்கு முன் மீள்நிரப்பத் தவறின்" என்று தொடங்கி, அதற்குப் பிறகு உள்ளே வரும் அழைப்பும் நிற்கும், இலக்கம் வேறு ஒருவருக்கு வழங்கப்படலாம் என்று முடித்திருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கச்சேரியில் இலிகிதராக இருந்தவன் நான். "தவறின்" என்று நானே எத்தனை சனத்துக்கு எழுதி அனுப்பியிருப்பேன், அதற்குப் பிறகு அந்தச் சனம் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் இலக்கம் மாத்தறைப் பக்கம் ஆரோ ஒருவனுக்குப் போய், கிளினிக்காரர் அவனைக் கூப்பிட்டு, அவனும் பாவம் மறுக்கத் தெரியாமல் வந்து மாமியின் கட்டிலில் ஏறிப் படுத்து, நல்லாயிருந்த கண்ணை வெட்டுவித்துக்கொண்டு போகிற மாதிரி எனக்குக் கனவும் வந்தது.

அன்றைக்கே போனை யன்னலிலேயே விட்டுவிட்டுச் சுதாகரன் கடைக்குப் போய், காசு ஏற்றச் சுரண்டுகிற காட் ஒன்று வாங்கிவந்தேன். மாமி அதைச் சுரண்ட விடவில்லை. ஆஸ்பத்திரிக் காரியம், ராகுகாலம் கழியட்டும் என்று சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து விபூதியும் தூவிவிட்டாள். நல்ல நேரம் வந்ததும் நான் பயபக்தியோடு கத்தி நுனியால் சுரண்டினேன். பயத்தில் கொஞ்சம் கூட அழுத்திவிட்டேன் போல, வெள்ளிப்பூச்சோடு இரகசிய எண்ணில் இரண்டு இலக்கமும் உரிந்து வந்துவிட்டது. ஒன்று மூன்றோ எட்டோ, மற்றது அம்மாளாச்சிக்குத்தான் வெளிச்சம். மூன்றென்று போட்டுப் பார்த்தேன், பிழை. எட்டென்று போட்டேன், பிழை. மூன்றாந்தரமும் பிழைத்ததும், இனி முயன்றால் உங்கள் கணக்கு முடக்கப்படும் என்று வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பொலிஸ் வருமோ என்று பின்னேரம் வரைக்கும் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் துணிவு வந்தது. காட் சரிவராது, கடைக்காரனே போனில் ஏற்றிவிடுகிற ரீலோட்தான் நல்லதென்று திரும்பவும் சுதாகரனிடம் போனேன்.

"எவ்வளவு அண்ணை, நூறு போடுறனோ?" என்றான்.

"என்ன கதை கதைக்கிறாய்? கண் ஒப்பரேசன் காரியம், சுழியத்தில முடிக்கிறதோ? நூற்றியொண்டு போடு."

"அப்ப தொண்ணூற்றொன்பது போடட்டே?"

"உன்ர வாயைக் கழுவு! மனுசியின்ர கண்ணிலை ஒண்டு குறைச்சோ?"

நீர் வெளிநாட்டில் இருந்தாலும் எங்கள் வழக்கத்தை மறந்திருக்க மாட்டீர். மொய்யானாலும் கோயில் உபயமானாலும் நல்லதுக்குக் கொடுக்கிற காசு ஒன்றில்தான் முடியவேண்டும். அவனும் நூற்றியொன்று போட்டான். போன் கிணுகிணுத்தது. பார்த்தால், "வாழ்த்துகள்! ஏழு நாட்களுக்கு அளவில்லாமல் வீடியோக்களைக் கண்டு களியுங்கள்!" என்று வந்திருக்கிறது. கண் தெரியாத மனுசி இருக்கிற வீட்டுக்கு, கண்டு களிக்கட்டாம்! என்னுடையது பட்டன் போன், அதில் வீடியோ என்ன, நேரமே ஒழுங்காகத் தெரியாது. மீதி பார்த்தேன், பூச்சியம். சுதாகரன் ஏதோ பிழையாக அமத்திவிட்டான் என்று அடுத்த கிழமை போய் நூற்றைம்பத்தியொன்று போடச் சொன்னேன். "முப்பது விளையாட்டுகள் உங்களுக்காகத் திறக்கப்பட்டுள்ளன" என்று வந்தது. மீதி பூச்சியம். செய்வினையாக இருக்குமோ என்று மாமியிடம் கேட்டேன். அவள் குனிந்தபடி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் காலை வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குப் போனேன். காற்றுக்காலம், கடல் கொந்தளிப்பு, நான் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அம்மாளாச்சியைக் கூப்பிட்டபடி போனேன். இறங்குதுறையடியில் ஜொய்சி என்றொரு பிள்ளை போன் கடை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. சின்னத் தொகைக்குத்தான் தீவுச் சிக்னலில் இப்படி நடக்கிறதாக்கும் என்று ஐந்நூற்றியொரு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். போட்டாள். செய்தி வந்தது. வாசித்த இடத்திலேயே கதிரையில் இருந்துவிட்டேன். "பன்னிரண்டு நாடுகளில் உங்கள் இணைப்பு தயார். உங்களுக்கு இனிய பயணம் அமையட்டும்!" என்று போட்டிருக்கிறான், தம்பி. ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிற மனுசியின் இலக்கத்துக்கு இனிய பயணமாம்! எனக்குக் கண் இருண்டுவிட்டது. ஜொய்சி சோடா உடைத்துத் தந்து, போனை வாங்கிப் பழைய செய்திகளையெல்லாம் பார்த்தாள்.

"ஐயா, ஆர் உங்களுக்கு உந்த ஒரு ரூபாயைக் கூட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை பிள்ளை, அது எங்கட வழக்கம்."

"ஐயோ ஐயா! நூற்றியொண்டு எண்டால் வீடியோ, நூற்றைம்பத்தியொண்டு எண்டால் கேம், ஐந்நூற்றியொண்டு எண்டால் வெளிநாடு. கொம்பனிக்காரன் ஒவ்வொரு பொதிக்கும் ஒவ்வொரு தொகை வைச்சிருக்கிறான். கதைக்கிற காசு பத்துப் பத்தாத்தான் ஏறும். நூறு போடுங்கோ, இப்பவே சரிவரும், நாளும் நீளும்."

விளங்கியது தம்பி, எல்லாம் நல்லாக விளங்கியது. நூறு ரூபாயைக் கையிலும் எடுத்தேன். நீட்ட ஏலவில்லை. பூச்சியத்தில் முடித்து, நாளைக்கு அந்தக் கண்ணுக்கு ஏதும் நடந்தால் நான் ஆருக்குப் பதில் சொல்லுவது? கொம்பனியே கடனாகத் தரும், பிறகு கழிக்கும் என்றாள். கத்தி வைக்கப்போகிற நேரத்தில் கடனோ என்று அதையும் வேண்டாமென்றேன். போனிலேயே பாங்க் காசைப் போடுகிற அப் ஒன்று இருக்கிறது என்றாள், என் பட்டன் போனைப் பார்த்துவிட்டுத் தானே அந்தக் கதையை விட்டுவிட்டாள். வெளிநாட்டில் ஆரும் இருந்தால் அங்கிருந்தே போட்டுவிடலாம் என்று கடைசியாகச் சொன்னாள்.

அதுதான் உமக்கு எழுதி, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உடனே டொலரில் போட்டுவிடும். இங்கே எத்தனையாக வந்து விழுந்தாலும், அதன் கடைசியில் சுழியம் இருந்தாலும், அது கொம்பனி மாற்றின கணக்கு, எங்கள் தலையில் வராது. பதினைந்தாம் திகதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. போன் அடிக்காமல் கிடந்தால் பயமாக இருக்கிறது, அடித்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் படித்துப் பெரிய ஆட்களாக வரவேண்டும், நிலாந்தினியின் இடுப்பு நோ மாறவேண்டும், உமக்கு வேலையிடத்தில் நல்ல பெயர் நிலைக்கவேண்டும் என்று மாமியும் நானும் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
என்றும் அன்பு மாறாத மாமா,
க. தியாகலிங்கம்

பி.கு: ரீலோட் போடவேண்டாம்.

உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கக் குசினிக்குப் போனேன். மாமி யன்னலடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, உந்தக் கடுதாசியைப் போடாதேங்கோ. அவை போன் எடுத்தவை" என்றாள். ஆர் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்காரர்தான். நீங்கள் காட் வாங்கச் சுதாகரன்ர கடைக்குப் போன நேரம் ஒருக்கா எடுத்தவை. பிழையான நம்பர் எண்டனான். முந்தாநாள் நீங்கள் ஊர்காவற்றுறையால வந்து கிணத்தடியில குளிக்கத் திரும்பவும் எடுத்தவை." அதற்கு என்ன சொன்னாய் என்று கேட்டால் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். கடைசியில் சொன்னாள்: "அந்த மனுசி செத்துப்போச்சு, இனி எடுக்காதேங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளை பாவம், கவலைப்படாதேங்கோ அம்மா எண்டுது. நானும் பறவாயில்லைப் பிள்ளை எண்டனான்."

கோதாரி! எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்திருப்பேன். "ஏனடியப்பா இப்பிடிச் செய்தனீ?" என்று கத்தினேன். "கண்ணுக்குள்ளை கத்தி விடுகினமாம், பயமாக் கிடக்கு. நீங்கள் ஒருநாளும் பயப்பிடாத மனுசன், உங்களிட்டை என்னெண்டு சொல்லுறது?" என்றாள். நான் பயப்படாத மனுசனாம், தம்பி. நாற்பத்தியொரு வருஷம் ஒரு வீட்டில் இருக்கிறோம். பக்கத்தில் இருந்து, எனக்கும் பயம்தான் என்று இன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். இரண்டுபேரும் கொஞ்சநேரம் அழுதோம்.

பின்னேரம் கிராம சேவகரிடம் போய், மீனாம்பிகை உயிரோடிருக்கிறாள் என்று ஒரு கடிதம் வாங்கிவந்தேன். செத்ததாக ஒரு பதிவும் இல்லாத ஆளுக்கு இதுவரை எழுதியதில்லை என்று அவர் முணுமுணுத்துக்கொண்டுதான் முத்திரை குத்தினார். நாளை முதல் வள்ளத்தில் ஆளையும் கடிதத்தையும் கொண்டு நேரே கிளினிக்குக்குப் போகிறோம். மாமியோ, எந்தக் கட்டிலில் படுக்கச் சொன்னாலும் படுக்கிறேன், ஆனால் நீங்கள் ஒப்பரேசன் அறைக் கதவடியை விட்டு அசையக்கூடாது, போனும் வீட்டில் கிடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஓம் என்றுவிட்டேன். எடுத்துப் பார்க்கவும் அமத்தவும் கையில் ஒன்றும் இல்லாமல் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு எப்படி இருக்கப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை.