சத்தமாகச் செய்த தியானம்

எனக்குக் கோபமே வராது என்று புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் எங்கள் கம்பெனி முழுக்க நல்ல பெயர். கோபம் வரும். அதை வெளியே விடத்தான் தைரியம் கிடையாது. (அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்து, வருஷா வருஷம் முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். சம்பளம் மட்டும் அப்படியே இருக்கும்.)

பாட்டில் மூடி செய்யும் கம்பெனி அது. நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். போன வருஷம் ஆட்களைக் குறைத்து, இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினார்கள். ஒருவர் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். நிர்வாகம் பதறிப்போய் உடனே நடவடிக்கை எடுத்தது. புதிதாக ஆள் போடவில்லை, வி.ஆர். தியானம் ஏற்பாடு செய்தது.

சென்னையிலிருந்து ஒரு பெண் பெட்டியோடு கேன்டீனுக்கு வந்தாள். முகத்தில் பாதியை மறைக்கும் பெரிய கண்ணாடி, காதுக்கு ஹெட்போன். மாட்டிக்கொண்டால் கடற்கரையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்குமாம். (வீராம்பட்டினம் கடல் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். அங்கே போய் மூன்று வருஷம் ஆகிறது.) முதலில் யார் என்று அவள் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைக் கைகாட்டினார்.

"நம்ம பாய் போட்டுக்குவாரு. எது சொன்னாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

போட்டுக்கொண்டேன். நீலக் கடல். அலை. செய்தி வாசிப்பவர் போல ஒரு குரல் மூச்சை இழுக்கச் சொன்னது, விடச் சொன்னது. உண்மையாகவே தோள் இறங்கியது. பிறகு அந்தக் குரல், மனதை அழுத்தும் ஒருவரை எதிரே உட்காரவைத்து, சொல்ல நினைத்ததை அவரிடம் மெல்லச் சொல்லுங்கள் என்றது. நான் மேனேஜரை ஷூவோடு மணலில் உட்காரவைத்தேன். முணுமுணுத்ததாகத்தான் நினைப்பு. காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவனுக்குத் தன் சத்தம் தெரியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் பேசியதைப் பிறகு வீடியோவில்தான் கேட்டேன். (அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம்.)

"அத்தா கோரிமேடு ஆஸ்பத்திரில சீரியஸா கெடக்குறாரு, அரை நாள் லீவு குடுங்கன்னு கேட்டேன். டார்கெட்ட முடிச்சிட்டுப் போன்னீங்க. முடிச்சேன் சார். ஒரு மூடி கொறையாம முடிச்சேன். நான் போறதுக்குள்ள அத்தா மொகத்த மூடிட்டாங்க சார்."

அதற்குமேல் வந்தவை அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். கண்ணாடியைக் கழற்றினேன். கேன்டீனில் அறுபது பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே, கையில் மோர் டம்ளரோடு மேனேஜர். (கடற்கரையில் உட்காரவைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தார்.) சென்னைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் டம்ளரை வைத்துவிட்டுக் கை தட்டினார். இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். திங்கட்கிழமை என்னைக் கழிவு குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே பிரஷர் கம்மியாம்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி, என் தம்பியின் போனுக்கு வந்து, அங்கிருந்து அம்மாவிடம் போய்விட்டது. அத்தா இறந்த அன்று பஸ் வழியில் நின்றுவிட்டதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். லீவு இல்லை என்று ஒருவர் சொன்னதும் சரி சார் என்று திரும்பிப்போய் மூடி எண்ணினேன் என்பதை எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு பஸ்சு நிக்கலியா?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வரும், சோறு வரும், பேச்சு வராது. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து, வழியில் ஒருவரிடம் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தேன். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். தம்பி தலையைத் தூக்காமலே கேட்டான்.

"என்னாண்ணா, பஸ்சு நின்னுடுச்சா?"

அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அழவும் செய்தாள், எது முதலில் என்று தெரியவில்லை. "ஒக்காந்து சாப்புடு" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் தாமதமாக வந்தாலும் இந்தக் கேள்விதான். கல்யாண வீட்டில் சம்பந்திகள்கூடக் கேட்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கானாலும் அரை மணி முன்னதாகவே போய், கதவு திறக்கும் வரை தெருவில் நிற்கிறேன்.